நிபந்தனை எழுதாத பத்திரங்கள்: பதிவுத்துறைத் தலைவருக்கும் ஆவண எழுத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், மாநிலமெங்கும் பணியாற்றும் சார்பதிவாளர்களுக்கும், நான் முப்பத்தோரு ஆண்டுகள் செய்த தொழிலை இன்றும் செய்துவரும் ஆவண எழுத்தர்களுக்கும் வணக்கம்.

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் முற்பகல், எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்து வைத்தார். 2015-இல் நானே எழுதிக்கொடுத்த தான செட்டில்மெண்ட் பத்திரம் அது; அதாவது, உயிரோடு இருக்கும்போதே சொத்தை விலையின்றிக் குடும்பத்தினருக்கு எழுதிக்கொடுப்பது. கணவர் தம் ஓய்வுக்காலப் பணத்தில் மனைவியின் பெயரில் வாங்கிய மனையையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் அந்த அம்மாள் தம் ஒரே மகனுக்கு எழுதிவைத்திருந்தார். “தம்பி, என்னைக் கடைசிவரைக்கும் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று இதில் எந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்? அதை மட்டும் படித்துக் காட்டுங்கள். ஆர்டிஓ ஆபீசில் கேட்கிறார்கள்” என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். நான்கு எல்லைகளும் இருந்தன. கிழமேல் அடி, தென்வடல் அடி, மின் இணைப்பு எண், தாய்ப்பத்திரத்தின் எண் எல்லாம் இருந்தன. “இந்தச் செட்டில்மெண்டை இனி எக்காலத்தும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை” என்ற வரியும் இருந்தது. அவர் கேட்ட வரி இல்லை.

அந்தப் பத்திரம் எழுதப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “அம்மாவை நான்தானே பார்த்துக்கொள்ளப் போகிறேன்” என்று மகன் என் எதிரிலேயே சொன்னார், தாய் தலையசைத்தார், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயால் சொன்னதைத் தாளில் இறக்குவதுதான் என் தொழில். அன்று அந்த ஒரு சொல்லை மட்டும் நான் இறக்கவில்லை. அந்த அம்மாள் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) முன் தாக்கல் செய்த மனுவில் மாதப் பராமரிப்புத் தொகை கிடைத்தது. வீட்டைத் திரும்பப் பெறும் கோரிக்கையோ, பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்ற காரணத்தால் தள்ளுபடியானது. இப்போது அவர் தங்கை வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் இருக்கிறார். நான் இந்த மடலை எழுதுவதற்கு அவர்தான் காரணம், ஆனால் அவர் ஒருவருக்காக மட்டும் எழுதவில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: அறுபது வயது நிரம்பிய ஒருவர், தம் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பெறுபவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத் தம் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ மாற்றிக்கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும், கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். சிவில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய வழக்கை, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவர் ஒரு மனுவோடு முடித்துக்கொள்ள வழிசெய்த அருமையான பிரிவு இது. அதன் கதவு “நிபந்தனைக்கு உட்பட்டு” என்ற சொற்களில் தொங்குகிறது. அந்தச் சொற்கள் பத்திரத்தில் இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களோ நீதிபதிகளோ அல்லர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெற்றோர் தம் பிள்ளைகளுக்குச் சொத்தைக் கொடுக்கும்போது கவனிப்பு என்ற நிபந்தனை தானாகவே சேர்ந்துவிடுவதில்லை என்றும், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்டினால்தான் 23-ஆம் பிரிவு பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. என்னிடம் வந்த அம்மாளின் கோரிக்கை விழுந்தது இந்தத் தீர்ப்பின் அடிப்படையில்தான். 2025 ஜனவரி 2 அன்று, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு தாயின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் இரு நீதிபதிகள் அமர்வு, இச்சட்டம் முதியோரின் நலனுக்காகப் பிறந்தது என்பதை மனத்தில் கொண்டு தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தானப்பத்திரம் எழுதிய அதே நாளில் மகன் தனித்தாளில் எழுதிக்கொடுத்த உறுதிமொழியைக் கணக்கில் எடுத்து, சொத்தைத் தாய்க்கே திருப்பித்தர உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு, நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த 87 வயதுத் தாய் ஒருவரின் வழக்கில் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. பத்திரத்தில் “அன்பினாலும் பாசத்தினாலும்” கொடுப்பதாக எழுதியிருந்தால், அந்த அன்பே உள்ளுறையான நிபந்தனை, வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை என்றது.

இந்தத் தீர்ப்புகள் வந்தபின் என் கவலை எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர், உயர் நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறி நிற்கும் தெம்பு எண்பது வயதுக்காரர் எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்த நாகப்பட்டினம் தாய்க்குக் கோட்டாட்சியரே நிவாரணம் தந்தார். அதைக் காப்பாற்றுவதற்கு உயர் நீதிமன்ற அமர்வு வரை வழக்கு நடக்க வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத் தாய் தம் வீட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2022-ஆம் ஆண்டின் தீர்ப்பையும் 2025-ஆம் ஆண்டின் தீர்ப்புகளையும் எதிரெதிராக வைத்து வாதாட எந்த வழக்கறிஞராலும் முடியும். நான் 2025-இல் மூதாட்டியைப் போய்ப் பார்த்து, மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம் என்றேன். “இனிமேல் எந்த ஆபீஸ் படியும் ஏறமாட்டேன் தம்பி, விடுங்கள்” என்றார். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அவர் ஏற வேண்டிய படிகள் முதல் படியோடு முடிந்திருக்கும்.

பத்திரத்திலேயே எழுதுவதற்கு இன்னொரு வலுவான காரணம் உண்டு. இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. பெற்ற மகன் அந்தச் சொத்தை மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டால் என்ன ஆகும்? 23-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை முதியவருக்கு இருப்பதை அறிந்து வாங்கியவர் மீதும், விலையின்றிப் பெற்றவர் மீதும் அவ்வுரிமையைச் செலுத்தலாம் என்கிறது. விலை கொடுத்து, அறியாமல் வாங்கியவரை அது காப்பாற்றுகிறது. பதிவுசெய்த பத்திரத்தில் நிபந்தனை இருந்தால், வில்லங்கச் சான்று போட்டுத் தாய்ப்பத்திரத்தைப் படித்துப் பார்த்து வாங்கும் எவரும் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல இயலாது. தனித்தாளில் எழுதி மடித்து வைத்த உறுதிமொழி, அதுவும் பதிவாகாதது, அந்த வேலையைச் செய்யாது.

பழைய பத்திரங்களில் இந்த வரி இருந்தது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டு எழுதிய காலத்துத் தான பத்திரங்களின் நகல்களை நான் இன்றும் வைத்திருக்கிறேன். “என்னை என் ஆயுள் பரியந்தம் அன்ன வஸ்திரம் கொடுத்துச் சம்ரட்சித்து வரவேண்டியது, என் காலத்திற்குப் பின் உத்தரகிரியைகளையும் நடத்தவேண்டியது” என்ற வாசகம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்நாளில் 23-ஆம் பிரிவு இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. இருந்தும் அவர் எழுதினார், ஏனென்றால் கொடுப்பவர் எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார் என்பது பத்திரத்தின் உயிர்ப்பகுதி என்று அவர் நினைத்தார். சட்டம் வந்து, அந்த வரிக்கு நீதிமன்றத்தில் உண்மையான வலிமை கிடைத்த காலத்தில்தான் நாம் அதை விட்டுவிட்டோம். கணினி வந்தபோது ஒரே மாதிரிப் படிவம் எல்லா மேசைகளுக்கும் பரவியது. அந்தப் படிவத்தில் இந்த வரி இல்லை. பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றி அச்செடுப்பது எழுதுவதாகிவிட்டது. அந்தப் பழியில் எனக்கும் பங்குண்டு. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல நான் விரும்பவில்லை.

படிவம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எழுதிப்பெறும் மகனோ மகளோ அந்த வரி வேண்டாம் என்று கேட்பது உண்டு, அவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. நிபந்தனையோடு கூடிய பத்திரத்தைக் காட்டினால் வங்கியின் வழக்கறிஞர் லீகல் ஒப்பீனியன் தரத் தயங்குகிறார், வீட்டுக்கடன் தாமதமாகிறது. இந்தச் சிக்கலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை; பழைய வீட்டை இடித்துக் கட்டக் கடன் தேவைப்படும் பிள்ளைகளின் நிலை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிக்கலைத் தீர்க்க வேறு வழிகள் உள்ளன. தாய் உயிரோடு இருக்கிறார், கடன் பத்திரத்தில் அவரும் சேர்ந்து கையொப்பம் இடலாம். கடன் எவ்வளவு, அடைக்காவிட்டால் வீடு என்ன ஆகும் என்பது அப்போதாவது அவர் காதுக்கு எட்டும். கடனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஒரு முதியவரின் ஒரே பாதுகாப்பை அவருக்குத் தெரியாமலே உருவிவிடுவது வசதிக்குக் கொடுக்கும் விலையாக இருக்கக் கூடாது.

ஆகவே பதிவுத்துறைத் தலைவர் அவர்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான். துறையின் இணையதளத்தில் மக்கள் பயன்பாட்டுக்காக வைக்கப்பட்டிருக்கும் மாதிரி ஆவணங்களில், அறுபது வயது நிரம்பியவர் எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்டுக்கான மாதிரியில் கீழ்க்காணும் வாசகத்தை இயல்பாகவே இடம்பெறச் செய்யுங்கள்: “இந்தச் செட்டில்மெண்டானது, எழுதிக்கொடுப்பவரின் ஆயுட்காலம் முழுவதும் அவருக்குரிய உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் மற்றும் ஏனைய அடிப்படைத் தேவைகளை எழுதிப்பெறுபவர் நிறைவேற்றி வரவேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. தவறும் பட்சத்தில், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி இந்த ஆவணத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரும் உரிமை எழுதிக்கொடுப்பவருக்கு உண்டு.” வேண்டாம் என்று நினைப்பவர் அதை நீக்கிக்கொள்ளட்டும், கொடுப்பதும் எப்படிக் கொடுப்பது என்பதும் அவர் உரிமை. ஆனால் நீக்கினால், “இந்நிபந்தனையின் பொருள் எனக்கு விளக்கப்பட்டது, அறிந்தே நீக்கினேன்” என்று அவர் பெயரால் ஒரு வரி அங்கே இருக்கட்டும். இன்று இருப்பதற்கு இது நேர்மாறான ஏற்பாடு: இன்று கேட்டால்தான் சேர்க்கிறோம், கேட்கவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

அதே மாதிரியில் ஆயுட்கால உரிமைக்கான பகுதியும் இருக்க வேண்டும். சொத்தின் உரிமையை இன்றே மகனுக்குக் கொடுத்துவிட்டு, தம் ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கவும் வாடகையை அனுபவிக்கவுமான உரிமையைத் தமக்கே வைத்துக்கொள்ளச் சட்டம் தாராளமாக இடம் தருகிறது. கிராமத்தில் இரண்டு மா நிலமும் ஒரு வீடும் வைத்திருப்பவருக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு என்பது என் அனுபவம். வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது என்ற ஓர் உறுதி இருந்தாலே பாதிச் சண்டை வராது.

இரண்டாவது வேண்டுகோள் சார்பதிவாளர்களைப் பற்றியது. பதிவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆவணத்தை எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படுபவர்தான் உண்மையில் எழுதிக்கொடுத்தாரா என்று விசாரிக்கும் கடமையை உங்களுக்கு விதிக்கிறது. 35-ஆம் பிரிவு, மனத்தெளிவு இல்லாதவராகத் தோன்றும் ஒருவர் எழுதிக்கொடுக்கும் ஆவணத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது. நடைமுறையில் அந்த விசாரணை எப்படி நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். டோக்கன் எண் அழைக்கப்படுகிறது, முதியவரை மகன் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார், “எழுதிக்கொடுக்கச் சம்மதம்தானே?” என்ற கேள்விக்குப் பின்னால் நிற்கும் மகன் “சம்மதம்னு சொல்லுங்கப்பா” என்கிறார், அப்பா “ம்” என்கிறார், கைரேகைக் கருவியில் விரல் வைக்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. அந்தக் கருவி வந்தவர் யார் என்பதைச் சொல்லும்; வந்தவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியுமா என்பதைச் சொல்லாது. அறுபதைத் தாண்டியவர் தானமோ செட்டில்மெண்டோ, கூட்டாக உள்ள சொத்தில் தம் பங்கை மற்றப் பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலையோ எழுதிக்கொடுக்கும்போது, எழுதிப்பெறுபவரையும் உடன் வந்தவர்களையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சார்பதிவாளர் அவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். வேறு வீடு இருக்கிறதா, இனி எங்கே தங்கப்போகிறீர்கள், மாதச் செலவுக்கு என்ன வருமானம், இதைத் திரும்பப் பெற முடியாது என்று தெரியுமா என்ற நான்கு கேள்விகள் போதும். பதில்களை, பதிவின்போது ஆவணத்தில் சார்பதிவாளர் எழுதும் மேற்குறிப்பில் இரண்டு வரியில் எழுதிவைத்தால், பத்து ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பாயத்தில் அதைவிடச் சிறந்த சாட்சி இருக்காது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, சுற்றறிக்கை ஒன்று போதும். முகூர்த்த நாளில் இருநூறு டோக்கன் இருக்கும்போது இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். எழுதிக்கொடுப்பவரின் வயது ஆவணத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குவது கடினமான காரியமில்லை.

படுக்கையிலிருந்து எழ முடியாதவர்களைப் பற்றியும் ஒரு சொல். 31, 38-ஆம் பிரிவுகளின்படி சார்பதிவாளர் அவர்கள் வீட்டுக்கே சென்று பதிவு செய்யலாம். இந்த வசதி இருப்பது தெரியாமல் மூச்சுத்திணறலோடு காரின் பின்சீட்டில் படுத்தபடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலுவலகப் பலகையில் பெரிய எழுத்தில் இதை எழுதிவைக்க வேண்டும்.

விடுதலைப் பத்திரத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகமான அநியாயம் நடப்பது அதில்தான் என்று நினைக்கிறேன். உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் தனிச்சொத்தில், வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தாய் இருந்தால் தாய்க்கும் சமபங்கு உண்டு. கருமாதி முடிந்து வாரிசுச் சான்றிதழ் வந்த சில நாட்களில், நெற்றியில் பொட்டில்லாமல் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணை அழைத்து வந்து, “பட்டா மாற்ற ஒரு கையெழுத்து” என்று சொல்லி, அவர் பங்கை மகன்களுக்கு விடுதலை செய்து வாங்கிவிடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிய ஒருவருக்கு அதில் பங்கு இருந்தது என்பதே, அது கையைவிட்டுப் போகும் அன்றுகூடத் தெரிவதில்லை. செட்டில்மெண்டிலாவது “கொடுக்கிறேன்” என்ற உணர்வு உண்டு. விடுதலையில் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கும் ஒரு தாய் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் பற்றியதுதான். 23-ஆம் பிரிவு “தானமாகவோ வேறு வகையிலோ” என்று சொல்வதால் விடுதலைக்கும் அது பொருந்தும். ஆகவே மேலே சொன்ன நிபந்தனை வாசகம் விடுதலைப் பத்திர மாதிரியிலும் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாகப் பேசும் அந்த ஐந்து நிமிடத்தில், “இந்தச் சொத்தில் உங்களுக்கு இத்தனையில் ஒரு பங்கு இருக்கிறது” என்று சார்பதிவாளரே அவரிடம் சொல்ல வேண்டும். கணவரை இழந்து ஓராண்டு முடியும் முன் இப்படிப்பட்ட ஆவணத்துக்கு அவசரமில்லை என்று குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆவண எழுத்தர்களாகிய நமக்கு உண்டு. சொன்னால் அன்றைய எழுத்துக்கூலி போகும். போகட்டும்.

உயிலைப் பற்றிப் பேசாமல் செட்டில்மெண்டைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. என்னிடம் செட்டில்மெண்ட் எழுத வந்தவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது உயில்தான். தம் காலத்துக்குப் பின் இன்னாருக்கு இன்னது சேர வேண்டும், பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது, இதுதான் அவர்கள் விருப்பம். உயில் எழுதுவதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவுகூடக் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வது நல்லது. எழுதியவர் கையொப்பமிட, இரண்டு சாட்சிகள் அதைக் கண்டு கையொப்பமிட்டால் போதும்; சாட்சிகள் பயனடைபவர்களாக இல்லாமல், எழுதியவரைவிட வயதில் இளையவர்களாக இருந்தால் பின்னால் நிரூபிக்கச் சிரமம் இருக்காது. மனத்தெளிவு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதை மாற்றலாம். செட்டில்மெண்டைத் தன்னிச்சையாக மாற்ற முடியாது. இத்தனை வேறுபாடு இருந்தும் குடும்பங்கள் செட்டில்மெண்டை நாடுவதற்குக் காரணம், பட்டா உடனே மாறிவிடும் என்பதும், குடும்பத்தினருக்குள் எழுதும்போது முத்திரைத் தீர்வை குறைவு என்பதும்தான். தீர்வைச் சலுகை நல்ல நோக்கத்தோடு தரப்பட்டது. ஆனால் அது முதியவரைத் திரும்பி வரமுடியாத வழிக்கு இட்டுச்செல்கிறதென்றால், அந்த வழியின் முகப்பிலேயே உயில் என்ற இன்னொரு வழி இருப்பதை ஒரு பலகையாவது சொல்ல வேண்டும்.

பொது அதிகாரப் பத்திரத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. “அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்திருக்கிறது, பவர் எழுதி வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால், அவர் சார்பாகச் செயல்படும் அதிகாரமும் முடிந்துவிடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் பத்திரம் கைவிட்டுவிடுகிறது. அதன்பின் அவர் சொத்தையும் வங்கிக் கணக்கையும் நிர்வகிக்க, பாதுகாவலராக நியமிக்கக் கோரிக் குடும்பம் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விஷயத்தில் முன்கூட்டியே விருப்பத்தை எழுதிவைக்கவும் பிரதிநிதியை நியமிக்கவும் வழிவகுத்தது. சொத்து நிர்வாகத்தைப் பற்றி அது பேசவில்லை. மனத்தெளிவு இழந்த பின்னும் தொடரக்கூடிய அதிகாரப் பத்திரம் ஒன்றைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பது உங்கள் துறையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பதை அறிவேன். அரசுக்கு அதைப் பரிந்துரைக்கவாவது உங்களால் முடியும். அதுவரை, பதிவாகும் ஒவ்வொரு பவர் பத்திரத்திலும் இந்த வரம்பை ஒரு குறிப்பாக அச்சிடுங்கள்.

தீர்ப்பாயம் ஒரு பத்திரத்தைச் செல்லாது என்று அறிவித்தபின் நடப்பதும் உங்கள் துறையைச் சார்ந்ததே. உத்தரவு கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, அட்டவணையில் ஏறி, வில்லங்கச் சான்றில் தெரியும்வரை, பழைய பத்திரம் உயிரோடு இருப்பதாகவே உலகம் நினைக்கும். அந்த இடைவெளியில் அடமானமோ கிரயமோ நடந்துவிட்டால் முதியவர் மறுபடி வழக்குக்குப் போக வேண்டும். மனு தாக்கலான அன்றே அதுபற்றிய குறிப்பு வில்லங்கத்தில் தெரியும்படியும், உத்தரவு வந்தால் இத்தனை நாளுக்குள் ஏற்றப்பட வேண்டும் என்றும் வருவாய்த்துறையோடு கலந்து ஒரு நடைமுறையை வகுக்க வேண்டுகிறேன்.

கடைசியாக, ஏற்கெனவே எழுதி முடிந்த பத்திரங்களைப் பற்றி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நிபந்தனை இல்லாமல் எழுதிக்கொடுத்துவிட்டு இருக்கிறார்கள் என்பது உங்கள் பதிவேடுகளில்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது என் நகல் கட்டுகள் மட்டும். சென்ற ஆண்டு தை மாதம் முதல் அவற்றைப் பிரித்து, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுதிக்கொடுத்த செட்டில்மெண்டுகளைத் தனியே எடுத்து, அந்த வீடுகளுக்குப் போய்வருகிறேன். பெற்ற பிள்ளை மனமுவந்தால், பராமரிக்கும் கடமையை ஏற்று, அந்தச் சொத்தையே அதற்கு ஈடாகக் கட்டுப்படுத்தி ஓர் உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யலாம். இதுவரை பதினொரு குடும்பங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. ஒரு வீட்டில், நான் சொல்லி முடிக்கும் முன்பே, “இது அன்றைக்கே எழுதியிருக்க வேண்டியதுதானே அண்ணே” என்று மகன் கேட்டார். மூன்று வீடுகளில் என்னை உட்காரச் சொல்லவில்லை. செலவு என்று தயங்கியவர்களும் உண்டு. இப்படிப்பட்ட உடன்படிக்கைகளுக்கு ஓராண்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விலக்கி அரசாணை பெற்றுத் தந்தால், அந்தத் தயக்கம் தீரும். நகல் கட்டு வைத்திருக்கும் ஒவ்வோர் ஆவண எழுத்தரும் தம் ஊரில் இதைச் செய்ய முடியும். என்னிடமுள்ள பழைய பத்திர நகல்களையும், வாசகங்களின் தொகுப்பையும் எடுத்துக்கொண்டு, அழைத்தால் எந்த நாளிலும் சென்னை சாந்தோமில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வரச் சித்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர்